அப்பச்சி டிக்கெட்டில் அண்ணன் பெயர்

நுகர்வோர் சட்டம்: வழக்கறிஞர் பதில்
(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது. பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன.)

காரைக்குடியை அடுத்த ஓர் ஊரிலிருந்து 46 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். உமையாள் என்று வைத்துக்கொள்வோம். கோலாலம்பூரில் இருக்கும் அண்ணன் ராமநாதன் வீட்டில் கல்யாணம். 78 வயது அப்பச்சியையும் (அப்பா) 71 வயது ஆத்தாவையும் (அம்மா) திருச்சியிலிருந்து நேர் விமானத்தில் அழைத்துப் போவது இவர் பொறுப்பு. புறப்பட இன்னும் 19 நாள். டிக்கெட் எடுத்து 12 நாள் ஆகிவிட்டது. பெட்டி கட்ட உட்கார்ந்தபோதுதான் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். மூன்று டிக்கெட்டில் மூன்று விதமான பிழை.

அப்பச்சியின் பாஸ்போர்ட்டில் கிவன் நேம் மெய்யப்பன், சர்நேம் ராமநாதன். டிக்கெட்டில் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. ஆத்தாவின் பாஸ்போர்ட்டில் விசாலாட்சி என்ற ஒரே பெயர்தான். சர்நேம் கட்டம் காலி. டிக்கெட்டிலோ 'விசாலாட்சி மெய்யப்பன்'. போதாததற்கு, பாஸ்போர்ட்டில் 'லா'வுக்குப் பிறகு கே, எஸ், எச் என்றிருப்பது டிக்கெட்டில் டி, சி, எச் என்றிருக்கிறது. இந்த இரண்டும் உள்ளூர் ஏஜென்ட் ஒரே பி.என்.ஆரில் போட்டவை. பாஸ்போர்ட் படங்களை அவருக்கு முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார் உமையாள். இவருடைய டிக்கெட்டை மட்டும் அண்ணன் அங்கிருந்தே விமான நிறுவனத்தின் இணையதளத்தில் எடுத்திருக்கிறார். பாஸ்போர்ட்டில் 'உமையாள் மெய்யப்பன்'. டிக்கெட்டில் கணவர் பெயரோடு 'உமையாள் சொக்கலிங்கம்'.

"ஏர்போர்ட்ல சொன்னா மாத்திக் குடுத்துருவாங்க" என்கிறாராம் ஏஜென்ட். "நோட்டரிகிட்ட ஒரு அஃபிடவிட் வாங்கி வச்சுக்க" என்கிறாராம் அண்ணன். சித்தப்பா மகன் மூன்றையும் ரத்து செய்துவிட்டுப் புதிதாக எடுக்கச் சொல்கிறார். ஆதாரைக் காட்டினால் போதாதா, விமானத்தில் ஏற்ற மறுத்தால் இழப்பீடு உண்டாமே, ஏஜென்ட் மேல் வழக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறார். ஆத்தாவின் பாஸ்போர்ட் இன்னும் எட்டு மாதத்தில் முடிகிறது என்பதைக் கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார்.

உமையாள் ஆச்சி, 19 நாள் தாராளமான அவகாசம். ஆனால் மூன்று பிழைகளும் ஒரே கனமுள்ளவை அல்ல. நீங்கள் அரைப் பக்கம் எழுதிக் கவலைப்பட்டிருக்கும் 'கே, எஸ்' சமாச்சாரம்தான் இருப்பதிலேயே லேசானது. 'இடம்தானே மாறியிருக்கு' என்று ஒரே வரியில் விட்டுவிட்ட அப்பச்சி டிக்கெட் அதைவிடச் சிக்கலானது. எல்லாவற்றையும்விடக் கடினம் உங்களுடையது.

பாஸ்போர்ட்தான் மூலப்பத்திரம்

நிலம் வாங்கும்போது மற்ற காகிதங்களையெல்லாம் மூலப்பத்திரத்தோடு ஒத்துப் பார்க்கிறோம் அல்லவா, வெளிநாட்டுப் பயணத்தில் அந்த இடம் பாஸ்போர்ட்டுக்கு. செக்-இன் கவுன்டரில் இருப்பவர் நீங்கள் இன்னார்தானா என்று விசாரணை நடத்துவதில்லை. டிக்கெட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றா என்று மட்டும் பார்க்கிறார். சரியான ஆவணமில்லாத பயணியைக் கொண்டுபோய் இறக்கினால் அந்த நாட்டில் அபராதம் கட்டுவதும், அவரைத் திருப்பி ஏற்றிவருவதும் விமான நிறுவனத்தின் தலையில் விழும். அதனால்தான் அவ்வளவு கெடுபிடி.

பாஸ்போர்ட்டில் போட்டோ இருக்கும் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகள் நிறைந்த இரண்டு வரிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் 44 இடங்கள். கருவி வாசிப்பது அதைத்தான். அப்பச்சியின் பாஸ்போர்ட்டில் மேல்வரியைப் பாருங்கள்: நாட்டின் குறியீடு, சர்நேம், இரண்டு அம்புக்குறி, பிறகு கிவன் நேம். டிக்கெட்டிலும் அதே வரிசைதான்: சர்நேம், ஒரு சாய்கோடு, கிவன் நேம், அதோடு ஒட்டியபடி மிஸ்டர் அல்லது மிசஸ். 'மெய்யப்பன்மிஸ்டர்' என்று ஒட்டிக்கொண்டு வருவதையும், இரு சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லாததையும் பார்த்துப் பதற வேண்டாம். அது கணினி அச்சிடும் விதம், பிழையல்ல.

அஃபிடவிட் விஷயத்தில் அண்ணன் சொல்வதில் பாதி சரி. 'இருவரும் ஒருவரே' என்ற நோட்டரி உறுதிமொழி வங்கியிலோ பட்டா மாற்றத்திலோ பயன்படலாம். கவுன்டரில் இருப்பவரின் கணினியில் அதைப் பதிய இடமே கிடையாது. ஆதாரும் அப்படித்தான்: உள்நாட்டு விமானத்துக்கு அது போதும், கோலாலம்பூருக்கு உதவாது. இனிஷியல் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுதுவார்கள் என்பதால் உங்கள் வீட்டு விலாசமான இனிஷியல் எழுத்துகள் நான்கும் டிக்கெட்டில் இல்லாதது குறையே இல்லை.

அப்பச்சி டிக்கெட்

தகப்பனார் பெயர் சர்நேம் கட்டத்தில் போய் உட்கார்வது தமிழ்நாடு முழுவதும் உள்ளதுதான். செட்டிநாட்டில் கூடுதலாக ஒரு சிக்கல்: மூத்த பேரனுக்குப் பாட்டனார் பெயரை வைக்கிறீர்கள். அப்பச்சி 'மெய்யப்பன் ராமநாதன்' என்றால் அண்ணன் 'ராமநாதன் மெய்யப்பன்'. ஆக, இடம் மாறிய அந்த டிக்கெட் எழுத்துக்கு எழுத்து உங்கள் அண்ணனுடைய டிக்கெட். பிறந்த தேதி ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும்.

பல விமான நிறுவனங்கள் இடமாற்றத்தைப் பெயர் மாற்றமாக எடுத்துக்கொள்வதில்லை; வரிசைத் திருத்தமாகவே கொள்கின்றன. கட்டணம் இல்லாமலோ சிறு கட்டணத்திலோ முடிந்துவிடும். கோரிக்கையில் 'ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் இன்டர்சேஞ்ச்டு' என்று அவர்கள் மொழியிலேயே எழுதச் சொல்லுங்கள். 'நேம் சேஞ்ச்' என்ற சொல் வரவே கூடாது. டிக்கெட்டை வேறொருவருக்கு மாற்ற முடியாது என்பது பெரும்பாலான நிறுவனங்களின் நிபந்தனை. அந்தச் சொல்லைப் பார்த்ததும் ஊழியரின் கை தானாக 'முடியாது' என்று தட்டிவிடும். கல்யாணம் முடிந்து அண்ணனும் கூடவே ஊருக்கு வருவதாக இருந்தால் இதை இன்றே முடியுங்கள். ஒரே விமானத்தில் ஒரே பெயரில் இரண்டு டிக்கெட் இருந்தால், இரட்டைப் பதிவு என்று கணித்துக் கணினி ஒன்றை ரத்து செய்துவிடக்கூடும்.

ஆத்தா டிக்கெட்

எழுத்துப் பிழை முதலில். கே, எஸ் இருக்கவேண்டிய இடத்தில் டி, சி. இரண்டே எழுத்து. மூன்று எழுத்து வரை எழுத்துப் பிழையாக ஏற்பது விமான நிறுவனங்களிடையே பரவலான வழக்கம். ஆகவே இது பெரிதல்ல.

'மெய்யப்பன்' எப்படி வந்தது என்றால், முன்பதிவுப் படிவம் லாஸ்ட் நேம் கட்டத்தைக் காலியாக விட அனுமதிக்காது. ஏஜென்ட் கணவர் பெயரைப் போட்டு அடைத்துவிட்டார். ஒற்றைப் பெயருக்கு என்ன செய்வது என்பதற்கு ஒவ்வொரு நிறுவனமும் தனி முறை வைத்திருக்கிறது. சில, அதே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்லும். 'விசாலாட்சி விசாலாட்சி' என்று வரும், அது சரியே. சில, 'எஃப்.என்.யு.' அல்லது 'எல்.என்.யு.' என்ற குறியீட்டைப் போடச் சொல்லும். முதல் பெயர் அல்லது கடைசிப் பெயர் தெரியாது என்று அர்த்தம். உங்கள் நிறுவனம் எதை ஏற்கிறது என்று ஏஜென்ட் எழுத்தில் கேட்டு, அதன்படி மாற்ற வேண்டும். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் கணவர் பெயர் அச்சாகியிருக்கும்; அந்தப் பக்கத்தின் நகலையும் சேர்த்து அனுப்பட்டும்.

துபாய்ப் பக்கம் போய்வந்த உறவினர் சொன்னதாக நீங்கள் எழுதியது வேறு கதை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பின்னர் தெளிவுபடுத்தியது. அது அந்த நாட்டு விதி, மலேசியாவுக்குப் பொருந்தாது. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா கேட்பதில்லை. 2026 டிசம்பர் 31 வரை அதை நீட்டித்திருக்கிறது. விசா என்ற தனிக் காகிதம் இல்லாததால் ஒத்துப்போக வேண்டிய பெயர்களில் ஒன்று குறைகிறது. சிங்கப்பூராக இருந்தால் விசாவிலும் பெயரைப் பார்த்தாக வேண்டும்.

உங்கள் டிக்கெட்

சொக்கலிங்கம் என்பதற்கும் மெய்யப்பன் என்பதற்கும் மூன்று எழுத்துச் சலுகை எட்டாது. இடமாற்றம் என்றும் சொல்ல முடியாது. அண்ணன் தங்கையின் கணவர் பெயரை நினைவிலிருந்து போட்டிருக்கிறார்; அங்குள்ள வழக்கப்படி 'ஏ/பி' (இன்னாரின் மகள்) சேர்க்காமல் விட்டாரே, அது நல்லதாகப் போயிற்று. சாய்கோடும் நுழைந்திருந்தால் இன்னும் குழம்பியிருக்கும்.

கணவர் பெயருக்கு ஏற்றாற்போல் பாஸ்போர்ட்டை மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். கல்யாணமானால் பெண் பெயரை மாற்றியே தீரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உங்கள் பாஸ்போர்ட் முழுக்கச் சரியானது. அதை மாற்றினால் எண்ணும் மாறும். டிக்கெட்டுக்காக மூலப்பத்திரத்தைத் திருத்துவது தலைகீழ் வேலை.

விமான நிறுவனத்திடம் கேட்க வேண்டியது சர்நேம் திருத்தம். அதே பயணி, அதே பிறந்த தேதி, அதே கிவன் நேம், கணவரின் பெயர் தவறுதலாகப் பதிவாகிவிட்டது என்று எழுதி, பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்களையும் திருமணப் பதிவுச் சான்றிதழையும் இணைக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் சொக்கலிங்கம் பெயர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. சில நிறுவனங்கள் கட்டணத்தோடு ஏற்கும். சில, ரத்து செய்துவிட்டுப் புதிதாக எடு என்று சொல்லிவிடும். இந்தக் கோரிக்கையை நீங்கள் அனுப்பினால் நகராது. முன்பதிவு அண்ணனின் மின்னஞ்சலிலும் மலேசிய எண்ணிலும் இருக்கிறது; ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். அவரே அனுப்பட்டும்.

மறுத்துவிட்டால் மூன்று தொகைகளை எழுதிப் பாருங்கள்: ரத்துக்குப் பின் கைக்கு வருவது எவ்வளவு, இன்றைய டிக்கெட் விலை எவ்வளவு, திருத்தக் கட்டணம் எவ்வளவு. சித்தப்பா மகன் சொல்லும் வழி உங்கள் ஒருவர் விஷயத்தில் மட்டும், அதுவும் கடைசியாகத்தான் பொருந்தும். புது டிக்கெட்டில் இடம் உறுதியான பிறகே பழையதைத் தொடுங்கள்.

கேட்கும் முறை

ஏஜென்ட்டிடம் இன்றே எழுத்தில் கேளுங்கள். சிற்றூர் ஏஜென்ட்டுகள் பலர் நேராக விமான நிறுவனத்தில் வாங்குவதில்லை. சென்னையிலோ வேறெங்கோ உள்ள பெரிய ஏஜென்ட் வழியாக வாங்குகிறார்கள். கோரிக்கை அந்தப் படிகளையெல்லாம் ஏறி இறங்க நாள் பிடிக்கும். நீங்களே நிறுவனத்துக்குப் போன் செய்தாலும் 'யாரிடம் வாங்கினீர்களோ அவரிடம் கேளுங்கள்' என்பார்கள்.

நாலு வரி போதும்: பி.என்.ஆர்., பயண நாள், டிக்கெட்டில் இப்போது உள்ளது, பாஸ்போர்ட்டில் உள்ளது. பெயரைப் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுத்தெழுத்தாகத் தட்டுங்கள், வாயால் சொல்லாதீர்கள். திருத்தம் முடியும் வரை மூன்று பேருக்கும் வெப் செக்-இன் செய்யவே வேண்டாம். போர்டிங் பாஸ் வந்துவிட்டால் அதை முதலில் அவிழ்க்காமல் பெயரைத் தொட முடியாது.

திருத்தம் வந்ததும் மூன்று விஷயம் பாருங்கள். போகும் வழி, திரும்பும் வழி இரண்டிலும் மாறியிருக்க வேண்டும். 13 இலக்க இ-டிக்கெட் எண் தரும் நிறுவனமாக இருந்தால், பி.என்.ஆரில் மட்டும் பெயரைத் திருத்திவிட்டு டிக்கெட்டை மறுபடி வெளியிடாமல் விட்டிருக்கக்கூடும். கவுன்டரில் அங்கேதான் மாட்டும். 'டிக்கெட் ரீஇஷ்யூ ஆயிடுச்சா' என்று கேளுங்கள். கடைசியாக, ஒரே பி.என்.ஆரில் ஒருவரை மட்டும் திருத்த அதை இரண்டாகப் பிரிப்பதுண்டு. அப்போது சக்கர நாற்காலி, சைவச் சாப்பாடு, பக்கத்துப் பக்கத்து இருக்கை எல்லாம் சத்தமில்லாமல் உதிர்ந்துபோகும். 78 வயதுக்காரருக்கு நாற்காலிக் கோரிக்கை இருக்கிறதா என்று மறுபடி உறுதி செய்யுங்கள்.

மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை, போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி. அது இலவசம், பணம் கேட்கும் தளம் எதுவானாலும் போலி. பயணக் காப்பீடு எடுத்திருந்தால் அதிலும் பெயரைப் பாருங்கள்.

ஏஜென்ட் சொல்லும் 'ஏர்போர்ட்ல மாத்திக்கலாம்' என்பதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். முனைய வாசலிலேயே சி.ஐ.எஸ்.எஃப். வீரர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் ஒத்துப் பார்ப்பார். உள்ளே கவுன்டரில் இருப்பவர்களுக்குப் பல நேரம் டிக்கெட்டை மறுபடி வெளியிடும் அதிகாரமே இருக்காது. ஏஜென்ட் போட்ட டிக்கெட் என்றால் 'ஏஜென்ட்டைக் கூப்பிடுங்க' என்பார்கள். இரவு விமானமாக இருந்தால் அந்த நேரத்தில் அவர் போனை எடுக்க வேண்டும்.

பணமும் உரிமையும்

எழுத்துப் பிழையை 24 மணி நேரத்துக்குள் சுட்டிக்காட்டினால், நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாக வாங்கிய டிக்கெட்டில் அதே நபரின் பெயரைக் கட்டணமின்றித் திருத்த வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் விதி. உங்களுக்கு 12 நாள் கடந்துவிட்டது. இனி கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்கலாம். உரிமையாகக் கோர முடியாது. ரத்து செய்தால், அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகைக்கு மேல் ரத்துக் கட்டணம் பிடிக்கக் கூடாது. வரிகளும் விமான நிலையப் பயனர் கட்டணமும், 'நான் ரீஃபண்டபிள்' டிக்கெட்டானாலும், திரும்பி வர வேண்டும். ஒரு எச்சரிக்கை: வெளிநாட்டு நிறுவனமாக இருந்தால் பணம் திருப்புவதில் அதன் சொந்த நாட்டு விதிதான் செல்லும். உங்கள் கடிதத்தில் எந்த நிறுவனம் என்று இல்லை. டிக்கெட்டில் பாருங்கள்.

ஏற்ற மறுத்தால் இழப்பீடு என்று நீங்கள் கேள்விப்பட்டது, இடத்துக்கு மேல் டிக்கெட் விற்றுவிட்டு உறுதியான டிக்கெட் உள்ளவரை நிறுத்திவைக்கும்போது வருவது. பெயர் பொருந்தாமல் நிறுத்தினால் அது கிடைக்காது. போகும் பயணத்துக்கு ஏறாவிட்டால் திரும்பும் டிக்கெட்டும் ரத்தாகிவிடக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஏஜென்ட் விஷயத்தில், பெற்றோர் இருவரின் பாஸ்போர்ட் படத்தையும் வாங்கிக்கொண்டு தவறாகப் பதிந்தது சேவைக் குறைபாடுதான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள், மாவட்ட ஆணையத்தில் புகார் தரலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். போனை மாற்றவும் வேண்டாம். மின்னணுச் சாட்சியத்துக்குப் பாரதிய சாட்சிய சட்டம் 63-வது பிரிவின் சான்று இணைக்க வேண்டிவரும். ஆனால் அவர் தரப்பும் ஒன்று உண்டு: டிக்கெட் 12 நாளாக உங்கள் கையில் இருந்தது, நீங்களும் பார்க்கவில்லை. அதனால் திருத்தக் கட்டணத்தை அவரே ஏற்க வேண்டும் என்று மரியாதையாக, எழுத்தில், ஒரு வாரக் கெடு வைத்துக் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடியும். முடியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. உங்கள் டிக்கெட்டுக்கு இந்த வழி எதுவும் இல்லை. அதைத் தவறாகப் பதிந்தவர் அண்ணன்.

ஆத்தாவின் பாஸ்போர்ட்

மலேசியா நுழையும் நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்கிறது. எட்டு மாதம் இருக்கிறது, இந்தப் பயணத்துக்குப் போதும். போவதற்கு முன் புதுப்பிக்க ஓட வேண்டாம். எண் மாறினால் பதிவுகளையெல்லாம் மறுபடி திருத்த வேண்டியிருக்கும். திரும்பி வந்ததும் விண்ணப்பியுங்கள். காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே ஏற்றுக்கொள்கிறார்கள். நீங்கள் சிவகங்கை மாவட்டம் என்பதால் மதுரை மண்டல அலுவலகம். புதுக்கோட்டை மாவட்டத்து ஊர் என்றால் திருச்சி. சர்நேம் சேர்ப்பதாக இருந்தால் அந்த விண்ணப்பத்திலேயே சேர்க்கலாம். ஆனால் அதற்கு முன் ஆத்தாவின் ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.